பருப்பு வேகாத தண்ணீர்

கேள்வி: ராஜபாளையத்தை ஒட்டிப் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். குழாயில் போர் தண்ணீர்தான் வருகிறது. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, முடி கொட்டுகிறது. மாமியாருக்குச் சிறுநீரகக் கல் வேறு. தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கு முப்பதாயிரம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கலாமா? அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் விடலாமா?
(ஒரு வாசகி, ராஜபாளையம்)

பதில்: அவசரப்பட்டு நகையை அடகு வைக்க வேண்டாம், சகோதரி. முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள்.

ஊருக்குள் வரும் ஆறாவது மைல் அணைத் தண்ணீர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து முடங்கியாற்றின் வழியே வருவது. பாறைமேல் ஓடி வருவதால் அதில் சுண்ணாம்பு குறைவு. போர் தண்ணீர் பூமிக்குள் பல காலம் தங்கி, கரிசலுக்கு அடியில் கிடக்கும் சுக்கானையும் பாறையையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அப்படிக் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மை. 'உப்புத் தண்ணீர்' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், உவர்ப்பு வேறு, கடினத்தன்மை வேறு. நாக்குக்குத் தெரியாத கடின நீரும் உண்டு.

போரை கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு, நைட்ரேட் அளவையும் கேட்டு வாங்குங்கள். குடிப்பதற்கு அவைதான் முக்கியம்.

சிறுநீரகக் கல்லுக்குக் கடின நீர்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிப்பது முக்கியமான காரணம். 'தண்ணீர் சரியில்லை' என்று மாமியார் குடிப்பதைக் குறைத்துவிடக் கூடாது. எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் தேவையில்லை. குடிக்க, பருப்பும் பயறும் ஊறவைத்து வேகவைக்க, தலை அலசும்போது கடைசிச் செம்புக்கு: இவற்றுக்கு ஒதுக்கினால் நாலைந்து குடம் போதும். சுண்ணாம்பு பருப்பின் தோலை இறுக்கிவிடுவதால்தான் வேகுவதில்லை. சோடா உப்புப் போட்டால் வெந்துவிடும், ஆனால் பி1 சத்து வீணாகும். சோப்பு இந்தத் தண்ணீரில் திரிந்து தலையில் படியும். சீயக்காயும் ஷாம்பும் அப்படித் திரிவதில்லை. துணிக்குச் சலவை சோடாவை முதலில் கரைத்துவிட்டுப் பிறகு சோப்பு போடுங்கள். இட்லிக் கொப்பரையில் புளித் துண்டு போடும் பழக்கம் நல்லதுதான், புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தைப் போக்காது. காய்ச்சி, ஆறவைத்து, தெளிவை இறுத்தால் ஒரு பகுதிக் கடினம் அடியில் படிந்துவிடும், மீதி போகாது.

இயந்திரம் என்ன செய்கிறது? கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. துணிக்கு நல்லது, தோட்டத்துக்குக் கெடுதல். செடிக்குச் சுண்ணாம்பு அவ்வளவு எதிரி அல்ல, சோடியம்தான் எதிரி. அது கரிசலைக் களிபோல் இறுக்கி, நீர் இறங்காமல் செய்துவிடும். இயந்திரத்தைக் கழுவிய உப்புநீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடவே கூடாது. அவற்றுக்குப் போர் தண்ணீரையே விடலாம். அதற்கு முன் வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீராகவும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் ஒரு மழைநீர்த் தொட்டி கட்டுங்கள். 500 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 460 லிட்டர் விழும். வீணாவது போக 350 லிட்டராவது சேரும். 2003-லேயே நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் மட்டும் தொங்குகிறது. முதல் மழையை வெளியே விட்டு, ஐப்பசி மழையைப் பிடியுங்கள். குடிப்பதற்கு என்றால் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்தால் கரைசல் திரிதிரியாகப் பிரிகிறது. நாசில் அடைக்கிறது. எண்ணெயில் கலப்படமா?
(ஒரு விவசாயி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள், ஐயா. மேலே சகோதரியின் வீட்டில் நடப்பதுதான் உங்கள் டேங்கிலும் நடக்கிறது. சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்துவிட்டால் எண்ணெயைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு இலையில் அதிகம் பட்டுக் கருகும், அடுத்த இலையில் படவே படாது. சில களைக்கொல்லிகளின் வீரியமும் கடின நீரில் குறையும்.

ஒரே அளவு சோப்புச் சீவலை இரண்டு பாட்டிலில் போட்டு, ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். எது நுரைக்கிறது, எது திரிகிறது என்று கண்ணாலேயே தெரியும். பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி வேப்பெண்ணெய். அந்தப் பத்து லிட்டரை மட்டும் கண்மாயிலிருந்தோ வீட்டு நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்தோ கேனில் எடுத்துப்போய், சோப்பை முதலில் கரைத்து, பிறகு எண்ணெயைக் கலந்து, வடிகட்டி அடியுங்கள். பாசனத்துக்குக் கிணற்றுத் தண்ணீரே இருக்கட்டும்.