நாணயத்தின் முகமும் மனிதனின் முகமும்



சில மாதங்களாக நம் ஆலயத்தின் காணிக்கைப் பையில் பத்து ரூபாய் நாணயங்கள் பெருகியிருக்கின்றன. காணிக்கையை எண்ணும் சகோதரர் ஒருவர், "ஐயா, கடைக்காரர் வாங்காத காசெல்லாம் கர்த்தரிடம் வந்து சேருகிறது" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அன்று மாலையே அந்தச் சிரிப்பு அடங்கியது.

ஆலய வாசலில் கீரை விற்கும் தாயாரை நீங்கள் அறிவீர்கள். அன்று அவர் கலங்கிய கண்களோடு வந்து, முந்தானையில் முடிந்திருந்த எட்டுப் பத்து ரூபாய் நாணயங்களை என் முன் வைத்தார். மருந்துக் கடையில் அவற்றை வாங்க மறுத்துவிட்டார்களாம். "நம்ம கோயில் ஆட்கள் கொடுத்த காசுதான் ஐயா, கள்ளக்காசா இது?" என்று கேட்டார். அவற்றுக்கு ஈடாகத் தாள்களைக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அதற்கு முந்தின வாரம், பழக்கடையில் மீதியாக வந்த பத்து ரூபாய் நாணயத்தை நீட்டியபோது, "வேறு காசு இருந்தால் கொடுங்கள்" என்று சொன்னவன் நான். அதை உங்களிடம் மறைக்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

பிரியமானவர்களே, ஒரு நாணயத்தை நாம் ஏன் மறுக்கிறோம்? அதன் முகம் நமக்குப் பழக்கமில்லாதிருப்பதால் அல்லவா? ஒன்றில் பத்துக் கோடுகள், இன்னொன்றில் பதினைந்து. ஒன்றில் ரூபாய்க் குறியீடு உண்டு, மற்றொன்றில் இல்லை. உடனே ஐயம் பிறக்கிறது. 2010-ஆம் ஆண்டில்தான் ரூபாய்க்கென்று தனிக் குறியீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் வார்க்கப்பட்ட நாணயத்தில் அது எப்படி இருக்கும்? ஆண்டைக் குறிக்கும் எண்ணின் கீழே காணப்படும் சிறு அடையாளமும் பழுதன்று; எந்த நாணயச் சாலையில் வார்க்கப்பட்டது என்பதற்கான சாட்சி அது. வைர வடிவம் மும்பையையும், நட்சத்திரம் ஹைதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தாவில் வார்க்கப்பட்டதற்கு அடையாளமே இல்லை. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வெளிவந்திருப்பதாகவும் அவை யாவும் செல்லும் என்றும் வெளிப்படையாக அறிவித்தது. அரசின் வார்த்தையைவிடத் தெருவின் வதந்தியையே நாம் அதிகமாய் நம்பினோம்.

நாணயத்தின் உருவத்தைக் கண்டு மக்கள் மனங்கலங்குவது புதிதல்ல. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு ஒரு ரூபாய் நாணயம் வெளிவந்தது. மன்னரின் அங்கியில் சிறிய யானை ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. வேலைப்பாடு சரியாக அமையாததால் அது பன்றியைப் போலத் தோன்றிற்று. மக்கள் கொதித்தெழுந்தனர், அரசு விரைந்து அந்த உருவைத் திருத்தி வார்க்க நேர்ந்தது.

குடியரசு மலர்ந்தபின், 1950 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்த நாணயங்களில் மன்னரின் தலை நீங்கி, சாரநாத்து அசோகத் தூணின் சிங்கங்கள் அவ்விடத்தைப் பெற்றன. ஒரு ரூபாய் நாணயத்திலிருந்த புலிக்குப் பதிலாகத் தானியக் கதிர் வந்தது. இந்த மாற்றத்தை ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள். ஒரு மனிதனின் முகம் இருந்த இடத்தில் இன்னொரு மனிதனின் முகத்தை வைக்க நம் முன்னோர் விரும்பவில்லை. நேருவின் உருவம் தாங்கிய நாணயமும் அவர் மறைந்த 1964-ஆம் ஆண்டில்தான் நினைவு நாணயமாக வெளிவந்தது. அப்போதும் மறுபக்கத்தில் சிங்கங்களே நின்றன. ஆட்சியாளர் வருவார், போவார். தேசம் நிலைத்திருக்கும் என்ற தாழ்மை அந்தச் சிறு உலோகத்தில் பதிந்திருக்கிறது. இது ஞானமான தெரிந்தெடுப்பு என்பதே என் எண்ணம்.

நம்மைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. 2005, 2006 ஆண்டுகளைத் தாங்கிய இரண்டு ரூபாய் நாணயத்தில் குறுக்கும் நெடுக்குமான இரு கோடுகளும் நான்கு புள்ளிகளும் காணப்பட்டன. வேற்றுமையில் ஒற்றுமை என்பதே அதன் கருத்து. நான்கு தலைகளும் ஒரே உடலுமாக அது வரையப்பட்டது. சிலர் அதைச் சிலுவை என்று கண்டு சினந்தனர். நம்மிலும் சிலர் அதைச் சிலுவை என்று கண்டு உள்ளூர மகிழ்ந்தோம். 2007-இல் கைமுத்திரைகள் கொண்ட புதிய வடிவம் வந்தபோது, எதையோ இழந்தவர்போல் வருந்தியவர்களும் உண்டு. சினந்தவர்களைப் போலவே மகிழ்ந்தவர்களும் தவறினோம் என்று நான் துணிந்து சொல்வேன். பலருக்கும் உரிய நாணயத்தில் நம் அடையாளத்தைத் தேட வேண்டிய தேவை நமக்கில்லை. சிலுவை நம் தோளில் சுமக்கப்பட வேண்டியது. சட்டைப்பையில் சத்தமிடுவதற்கு அல்ல.

நம் ஆண்டவரின் காலத்தை நினைத்துப் பாருங்கள். எருசலேம் தேவாலயத்தின் வரிக்குத் தீரு பட்டணத்து வெள்ளிக்காசே வாங்கப்பட்டது. அதில் இருந்ததோ மெல்கார்ட் என்னும் அந்நிய தேவனின் தலை. வெள்ளி சுத்தமாயிருந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள். உருவத்தைவிட உலோகத்தின் உண்மையே பெரிதென்று ஆலயத்தாரே ஒப்புக்கொண்டதற்கு ஒப்பாகும் அது. இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டு நம் ஆண்டவரைச் சிக்கவைக்க வந்தவர்களும் இராயனின் தலை பொறித்த காசைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். அவர் அந்தக் காசைக் கண்டு சினக்கவில்லை. அதைத் தூக்கி எறியவுமில்லை. அதில் யாருடைய உருவம் இருக்கிறதோ அவனுக்கு உரியதை அவனுக்கே கொடுக்கும்படி சொல்லிவிட்டு, தேவனுக்கு உரியது எது என்ற கேள்வியை அவர்கள் மனத்திலே வைத்தார்.

காசில் இராயனின் உருவம் இருப்பதால் அது இராயனுடையது என்றால், தேவனுடைய சாயலைத் தாங்கியது எது? ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே அதற்கு மறுமொழி தருகிறது. அது மனிதன். கீரைக் கூடையோடு நம் வாசலில் அமர்ந்திருக்கும் அந்தத் தாயார்.

இப்போது நம் தவறு விளங்குகிறதல்லவா? காசின் முகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். அதை நீட்டிய கையின் முகத்தைப் பார்க்கவில்லை. நாம் வாங்கத் தயங்கிய நாணயத்தை ஏழையின் கையில் தள்ளினோம். எஞ்சியதைக் கர்த்தரின் பையில் போட்டோம். பழுதான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த ஜனத்தை மல்கியா தீர்க்கதரிசி கடிந்துகொண்டார். நாம் கொண்டுவந்த காசில் பழுதில்லை; கொண்டுவந்த மனதில்தான் பழுது இருந்தது.

ஆகையால் இந்த வாரம் உங்களை வேண்டிக்கொள்கிறேன். கடை வைத்திருக்கும் சகோதரரே, யார் நீட்டினாலும் பத்து ரூபாய் நாணயத்தை மறுக்காமல் வாங்குங்கள். வாங்கும் இடத்திலுள்ள நாமும், மீதியாக வரும்போது முகம் சுளிக்காமல் பெற்றுக்கொள்வோம். காணிக்கைப் பையில் அதைப் போடுவது குற்றமல்ல. செல்லாது என்று எண்ணிப் போடுவதே குற்றம். பழக்கடைக்கு நானே முதலில் போகிறேன்.

நம் தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவது எவ்வளவு பொருத்தம்! கையிலுள்ள நாணயம் செல்லுமா என்று கேட்பதற்கு முன், நம்மிடத்திலுள்ள நாணயம் கர்த்தருக்கு முன்பாகச் செல்லுமா என்று நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். அவருடைய சாயலை ஒவ்வொரு முகத்திலும் காணும் கண்களை அவரே நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.