கைவேலைப் பக்கம்: சட்டையில் பூ அச்சடிக்கலாம், வாருங்கள்!

சென்ற இதழில் குழந்தைகளின் கவுனில் பிரஷ்ஷால் பூப் போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு இளம் தாய் கடிதம் போட்டிருக்கிறார். "அக்கா, பிரஷ்ஷால் ஒன்று போடுவதற்குள் விடிந்துவிடுகிறது. ஒரே டிசைனை இருபது சட்டையில் போட என்ன வழி? ஸ்கிரீன் பிரிண்டிங் செட் ஒன்று 40,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். நாம் அச்சடித்துக் கொடுக்கும் சரக்கை அவர்களே திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். என் வளையல் இரண்டை அடகு வைத்து வாங்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வளையல் கையிலேயே இருக்கட்டும் அம்மா! காரணத்தைப் பிறகு கணக்குப் போட்டே சொல்கிறேன். முதலில் இந்த வேலை என்ன, அதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்துவிடுவோம். தெரிந்துகொண்டால் அந்த 40,000 ரூபாய்க்கு அவர்கள் என்ன தருகிறார்கள் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது சல்லடையில் மாவு சலிக்கிற மாதிரிதான். சல்லடையின் ஒரு பக்கத்தைக் காகிதம் போட்டு மறைத்துவிட்டால் அந்த இடத்தில் மாவு விழாது இல்லையா? அவ்வளவுதான் ரகசியம். மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய நைலான் அல்லது பாலியஸ்டர் வலைத்துணி, அதில் வேண்டாத இடத்தை அடைத்துவிடுவது, மேலே சாயப் பசையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுப்பது. திறந்திருக்கும் இடத்தில் மட்டும் பசை இறங்கித் துணியில் ஒட்டும்.

ஜப்பான்காரர்கள் இதற்கு முன்னோடியான ஒரு வேலையைப் பல நூறு வருஷங்களாகச் செய்து வந்தார்கள். முசுக்கொட்டைப் பட்டைக் காகிதத்தில் பெர்சிம்மன் காயின் துவர்ச்சாற்றைத் தடவிக் கெட்டியாக்கி, அதில் பூவும் கொடியும் வெட்டி, துணிமேல் வைத்துப் பசை பூசுவார்கள். அதில் ஒரு தொல்லை உண்டு. நம் கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டத்தைச் சுற்றி வெட்டினால் நடுவிலிருக்கும் துண்டு தனியாகக் கழன்று விழுந்துவிடும். அந்தத் துண்டைப் பிடித்து வைக்க அவர்கள் மெல்லிய பட்டு இழைகளைக் குறுக்கே ஒட்டினார்கள். இழைக்குப் பதில் முழு வலையையே விரித்துவிட்டால்? அதுதான் ஸ்கிரீன். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் 1907-ல் பட்டு வலையை வைத்து இதற்குக் காப்புரிமை பெற்றார். பட்டு போய் நைலான் வந்தது. மற்றபடி முறை அதேதான்.

ஆகவே சிக்குக் கோலம்கூட தாராளமாகப் போடலாம். நடுத் துண்டுகளை வலை தாங்கிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து புள்ளியும் இழையுமாக உள்ள நம் கோலத்தைவிடக் குழந்தைச் சட்டைக்கு அழகான டிசைன் கிடையாது. ஆனால் முதல் முயற்சிக்கு ஒரு மாங்காய், ஒரு கிளி, ஒரு யானை என்று முழு உருவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் உள்ளளவு ஒன்றரை அடிக்கு ஒரு அடி இருந்தால் போதும். தச்சரிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பட்டுப்பட்டு முறுக்கிக்கொள்ளும். வலைத்துணியை வாங்கும்போது 'துணிக்கு அச்சடிக்க' என்று சொல்லிக் கேளுங்கள். அங்குலத்துக்கு 110 முதல் 160 இழை வரை உள்ளது நமக்குச் சரி. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் உபயோகிப்பது இன்னும் நெருக்கமான வலை, அதில் துணிச் சாயம் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். வலையைச் சட்டத்தின்மேல் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கி, நான்கு பக்கமும் ஸ்டேப்பிள் பின் அடியுங்கள். விரலால் தட்டினால் கஞ்சிரா மாதிரி சத்தம் வர வேண்டும். தொய்ந்திருந்தால் கிளியின் மூக்கு இரண்டாகத் தெரியும்!

பெரிய பட்டறைகளில் டிசைனை ஒளி படவைத்து வலையில் பதிப்பார்கள். அதற்கு முன்பெல்லாம் பைக்ரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைக் கலந்தார்கள். இது குரோமியம் சேர்ந்த விஷப் பொருள். தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது. சில இடங்களில் இன்னமும் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டுக்கு அது தேவையே இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளிலோ பட்டர் பேப்பரிலோ டிசைனை வரைந்து, பிளேடால் வெட்டி, வலையின் அடிப்பக்கம் ஒட்டிவிட்டால் போதும். பட்டர் பேப்பர் பத்துப் பன்னிரண்டு சட்டைக்கு வரும், பிறகு ஊறிவிடும். பிளாஸ்டிக் தாள் அதிக நாள் உழைக்கும். சட்டத்தின் ஓரங்களைச் சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். டிசைனுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் இடம் விடுவது அவசியம். பசை அங்கேதான் உட்கார வேண்டும்.

இனி சாயம். கடையில் பைண்டர் என்ற வெள்ளைப் பசையும், பிக்மெண்ட் என்ற நிறமும் தனித்தனியாகக் கிடைக்கும். துணியோடு நிறத்தைப் பிடித்து வைப்பது பைண்டர்தான். 100 கிராம் பசைக்கு 3 முதல் 5 கிராம் நிறம் போதும். "இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கட்டுமே" என்று நிறத்தைக் கொட்டினால் பிடித்துக்கொள்ள பைண்டர் போதாமல், போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடமெல்லாம் சிவப்பு ஒட்டும். பதம் கெட்டித் தயிர் மாதிரி இருக்கட்டும். முன்காலத்துப் பசையில் மண்ணெண்ணெய் கலப்பதுண்டு. நெருப்புக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. 'தண்ணீரில் கரையும் பசை' என்று கேட்டு வாங்குங்கள். கலக்குகிற கரண்டி, கிண்ணம் எல்லாம் இதற்கென்றே தனி. சமையலறைப் பக்கம் அவை திரும்பி வரக் கூடாது. கழுவினால் போயிற்று என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் மாதிரி பளபளவென்று தடியாக அச்சடிக்கும் பிளாஸ்டிசால் என்று ஒன்று உண்டு. அதற்கு 160 டிகிரி சூடு சீராகக் கிடைக்க வேண்டும், மிஷின் இல்லாமல் முடியாது. தவிர அது பி.வி.சி. வகை. அதை இளக்கிவைக்கச் சேர்க்கும் தாலேட் என்ற பொருள்களில் சில குழந்தைகளுக்கு நல்லதல்ல என்று அமெரிக்கா 2008-லேயே பொம்மைகளிலும் சிசுக்களுக்கான சாமான்களிலும் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. நிறத்தைப் பொறுத்தவரை, தோலுக்கும் உடம்புக்கும் கெடுதியான அஸோ சாயங்கள் பலவற்றை ஜெர்மனி 1994-லும், நம் மத்திய அரசு 1997-லும் தடை செய்திருக்கின்றன. ஆகவே பெயரும் விலாசமும் இல்லாத டப்பாவில், உதிரியாகக் கட்டிக் கொடுக்கிற நிறப்பொடியைக் குழந்தைத் துணிக்குத் தொடவே தொடாதீர்கள். ஐந்து ரூபாய் லாபம் பார்க்கிற இடமில்லை இது.

அச்சடிக்கப் போகிற துணி பருத்தியாக இருக்கட்டும். கோடித் துணியில் கஞ்சி இருக்கும், கஞ்சிமேல் அச்சடித்தால் முதல் சலவையில் கஞ்சியோடு கிளியும் பறந்துவிடும். முதல் நாளே நனைத்து, சோப்புப் போட்டு அலசி, காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். மேஜைமேல் பழைய கம்பளி, அதன்மேல் ஒரு பழைய போர்வையை இழுத்துக் கட்டி, துணியைக் குண்டூசியால் நிறுத்துங்கள். தைத்த சட்டையானால் உள்ளே ஓர் அட்டையை நுழைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதுகுப் பக்கத்திலும் நிழல் விழும்.

ஒரு யோசனை சொல்கிறேன், இது திருப்பூர் பனியன்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது. அவர்கள் பெரும்பாலும் தைத்த சட்டையில் அச்சடிப்பதில்லை. வெட்டிய முன்பக்கத் துண்டில் அச்சடித்து, நன்றாக வந்ததை மட்டும் தையலுக்கு அனுப்புவார்கள். கெட்டுப்போனால் ஒரு துண்டு துணியோடு நஷ்டம் நின்றுவிடும். தையல் தெரிந்த பெண்கள் இதையே செய்யலாம்.

ஸ்கிரீனை வைத்து, ஒரு ஓரத்தில் பசையைக் கரண்டியால் வரிசையாக ஊற்றி, ரப்பர் பட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக இழுங்கள். இரண்டு தடவை இழுத்தால் போதும். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். ஸ்கிரீனை ஒரு பக்கமாகத் தூக்கி எடுங்கள், நேராகப் பிடுங்காதீர்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்! சித்திரை வெயிலில் விசிறியும் சுழன்றால் பசை வலையிலேயே காய்ந்து கண்ணை அடைத்துவிடும். அப்புறம் எத்தனை தேய்த்தாலும் போகாது. வேலையை இருபது சட்டையோ முப்பது சட்டையோ ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கைக்குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது. குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே இது ஆகாது.

அச்சடித்ததும் நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "சாயம் போகிறதே" என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். பைண்டர் துணியைக் கெட்டியாகப் பிடிக்கச் சூடு வேண்டும். சட்டையை உள்புறமாகத் திருப்பி, அச்சின்மேல் மெல்லிய துணி போட்டு, பருத்திக்குரிய சூட்டில், தண்ணீர் தெளிக்காமல், ஒவ்வொரு அச்சுக்கும் நாலைந்து நிமிஷம் பெட்டியை நகர்த்தி நகர்த்தித் தேய்க்க வேண்டும். இருபது சட்டைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், கை வலிக்கும்தான். பிறகு மூன்று நாளாவது நனைக்காமல் வையுங்கள். ஆர்டருக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சட்டையை நீங்களே ஐந்து முறை துவைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியை ஈரமாக்கி அச்சில் தேய்த்தும் பாருங்கள். அதில் தேறினால்தான் கொடுக்கலாம்.

கறுப்பு, கருநீலத் துணியில் சாதாரணப் பசை போட்டால் நிறம் தெரியாது. முதலில் வெள்ளைப் பசை ஒரு அச்சு, அது காய்ந்ததும் அதே இடத்தில் நிறம். இரண்டும் பிசகாமல் உட்கார மேஜையில் மூலை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இது பழகினவர்களுக்கு.

வெறும் அச்சோடு நிற்காமல் அலங்காரமும் செய்தால் விலையே வேறு. கிளியை ஒரே பச்சையில் அச்சடித்து, இறக்கையின் ஓரத்தை மட்டும் சங்கிலித் தையலால் எடுத்து, கண்ணுக்கு ஒரு முடிச்சுத் தையல் வைத்துப் பாருங்கள், கடையில் இப்படிக் கிடைக்காது. ஜமிக்கி, கண்ணாடி, மணி எல்லாம் இஸ்திரிச் சூடு கொடுத்து முடித்த பிறகே தைக்க வேண்டும், முன்னால் தைத்தால் உருகிவிடும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் உடையில் ஜமிக்கி, மணி, பட்டன் எதுவும் வேண்டவே வேண்டாம். பிய்த்து வாயில் போடும், மூச்சுக்குழலில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மார்பு முழுவதும் அடைத்த மாதிரி பெரிய அச்சும் குழந்தைக்கு ஆகாது. அந்த இடத்தில் காற்றுப் போகாமல் வேர்த்து, வேர்க்குரு கிளம்பும். சட்டைப்பை அளவில் சின்னதாகப் போடுங்கள். பிறந்த குழந்தைக்கு வெறும் வெள்ளை மல் துணியே அழகு.

சரி, இப்போது கணக்கு. பள்ளி ஆண்டு விழாவுக்கு இருபது சட்டை ஆர்டர் வந்ததாக வைத்துக்கொள்வோம். வெறும் சட்டை ஒன்று 140 ரூபாய். இரண்டு கெடும் என்று 22 வாங்குகிறீர்கள், 3,080 ரூபாய். சாயம், காகிதம், கரண்ட் 200. ஆக 3,280. சட்டை 200 ரூபாய் வீதம் இருபதுக்கு 4,000 கிடைக்கும். மிச்சம் 720 ரூபாய், இரண்டு நாள் உழைப்புக்கு. அந்த 40,000 ரூபாயை எடுக்க இப்படி 56 ஆர்டர் வர வேண்டும். அடகு வட்டியை நான் இதில் சேர்க்கவேயில்லை! அதுவரை வளையல் யாரிடம் இருக்கும்?

'திருப்பி வாங்கிக்கொள்கிறோம்' என்பதில்தான் எனக்குப் பெரிய சந்தேகம். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இப்படி ஒருவரிடம் பணம் கட்டினாள். முதல் முறை சரக்கை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை "தரம் போதவில்லை" என்றார்கள். மூன்றாம் முறை தொலைபேசியை எடுக்கவில்லை. நிஜமாகவே வாங்குகிறவர் என்றால் முன்பணம் கட்டச் சொல்ல மாட்டார், முன்பணம் கொடுப்பார். ஒரு சட்டம், ஒரு மீட்டர் வலை, ஒரு கிலோ பைண்டர், மூன்று நிறம். இதோடு ஆரம்பித்து, உறவிலும் தெருவிலும் பத்து ஆர்டர் முடித்துவிட்டு மேலே யோசியுங்கள்.

ஒற்றைச் சட்டைக்கு ஆர்டர் வந்தால் ஸ்கிரீன் கட்டுப்படியாகாது. அதற்கு இப்போது கணினியில் படம் எடுத்து பிலிமிலிருந்து சூட்டில் ஒட்டிக் கொடுக்கும் கடைகள் வந்துவிட்டன, அவர்களோடு போட்டி போட வேண்டாம். ஆர்டர் எடுக்கும்போது பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள், மாதிரி ஒன்றைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டு மற்றதை அடியுங்கள். வாடிக்கையாளர் தன் துணியையே கொடுத்தால், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும், உறவுக்காரராக இருந்தால் கட்டாயம் பேச வேண்டும். பிரபலமான கார்ட்டூன் பொம்மைகளையும் கம்பெனி முத்திரைகளையும் அச்சடித்து விற்பது சட்டப்படி குற்றம். "பக்கத்துக் கடையில் விற்கிறானே" என்பார்கள், விற்கட்டும். நம்மிடம் கோலம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, மயில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஸ்கிரீனை உடனே கழுவ வேண்டும், பச்சைத் தண்ணீரில்தான். வெந்நீர் ஊற்றினால் பசை இறுகிவிடும். கழுவுமுன் மிச்சப் பசையை வழித்து டப்பாவில் போட்டு மூடி, வலையைப் பழைய செய்தித்தாளால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். சாயத் தண்ணீர் நொய்யலை என்ன பாடு படுத்தியது என்பது நமக்குத் தெரியும். கழிவைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியதாயிற்று. நம் வீட்டுக் கிணற்றடியிலும் முருங்கை மரத்தடியிலும் பசையைக் கொட்ட வேண்டாம். துடைத்த காகிதம் காய்ந்த பிறகு குப்பைக்காரரிடம் கொடுத்துவிடலாம், அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள்.

சட்டத்தை நிழலில் சாய்த்து உலர்த்தி, எலி கடிக்காத இடமாகப் பார்த்துப் பழைய துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த இதழில் பழைய பட்டுப்புடவைக் கரையை வெட்டிக் குழந்தைப் பாவாடைக்கு வைத்துத் தைப்பது பற்றி எழுதுகிறேன். கரை பாதி கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள்.