ஒரு வினை, இரு பொருள்

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருளை மனப்பாடம் செய்தால் போதும் என்று மாணவியராகிய நாம் எண்ணுகிறோம். அது போதாது என்பதே எங்கள் கருத்து.

“கடன் சாங்ஷன் ஆகிவிட்டது” என்று பெற்றோர் மகிழ்வதைக் கேட்டிருக்கிறோம். அங்கே ‘சாங்ஷன்’ என்பது ஒப்புதல் அளித்தல். ஆனால் ஒரு நாட்டைச் ‘சாங்ஷன்’ செய்தனர் என்றால், தண்டனையாகத் தடை விதித்தனர் என்று பொருள். 1990-ல் குவைத் மீது படையெடுத்த ஈராக்குக்கு ஐக்கிய நாடுகள் சபை விதித்த வணிகத் தடையும் இப்பெயரே பெற்றது. அனுமதிக்கும் தண்டனைக்கும் ஒரே சொல்லா?

காரணம் உண்டு. இதன் வேர், புனிதமாக்குதல், சட்டமாக உறுதி செய்தல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வினை. ‘செயின்ட்’ என்ற சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. சட்டம் ஒன்றை அனுமதிக்கும், மீறினால் தண்டிக்கும். இரு பொருளும் அங்கிருந்தே கிளைத்தன.

மஞ்சக்குட்டையில் காப்பியும் மிளகும் பயிரிடும் வீடுகளுக்கு ஆங்கிலக் கடிதம் வந்தால், படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் நம்முடையதே. நாம் தவறாகச் சொன்னால் கலங்குவது பெற்றோர் அன்றோ! ஆகவே தோழியரே, சாங்ஷன் செய்தது யார், எதை என்று பார்ப்போம். வாக்கியம் முழுவதையும் படித்தபின் பொருள் சொல்வோம்.