ஆங்கிலம் தெரியாதவரும் கம்ப்யூட்டரில் படம் வரையலாம்!

கல்யாணப் பத்திரிகை, சுவரொட்டி, கடை விளம்பரம் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் தயாராகின்றன. அச்சாகும் எழுத்து தமிழ். ஆனால், அதைத் தயாரிப்பவரின் திரையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம்!

ஆங்கிலம் அறியாதவர் என்ன செய்கிறார்? "மேலிருந்து மூன்றாவது வரி" என்று இடத்தை மனப்பாடம் செய்துகொள்கிறார். புதிய பதிப்பில் அந்த வரி இடம் மாறினால், திண்டாட்டம்தான்.

திரையின் மொழியை மாற்ற முடியாதா? முடியும். ஆனால், எல்லா மென்பொருளிலும் தமிழ் கிடைக்காது.

விலைக்கு விற்பது

'போட்டோஷாப்' 1990-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் அடோபி கம்பெனி விற்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் முதலிய பல மொழிகளில் அதன் திரை உண்டு. தமிழ்த் திரை இல்லை. எந்த மொழியில் கொடுப்பது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது.

இலவசமாகக் கிடைப்பது

'கிம்ப்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு கலிபோர்னியா மாணவர்கள் 1995-ம் ஆண்டு அதை உருவாக்கத் தொடங்கினார்கள். இதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். தமிழ் ஆர்வலர்களும் மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

மாற்றும் முறை

'எடிட்' பட்டியலில் 'பிரிபரன்சஸ்' என்பதைத் திறக்க வேண்டும். அதில் 'இன்டர்பேஸ்' என்ற பகுதியில் மொழிகளின் வரிசை இருக்கும். தமிழைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால், திரை தமிழில் வரும்.

மாற்றும் முன்பு, போன வழியைக் குறித்துக்கொள்வது நல்லது. மீண்டும் ஆங்கிலம் வேண்டுமானால், அதே வழியில் திரும்பலாம்.

பாதி ஆங்கிலம் ஏன்?

ஒவ்வோர் ஆங்கில வரிக்கும் எதிரே தமிழ் வரி எழுதிய பட்டியல் ஒன்று மென்பொருளுடன் வருகிறது. தமிழ் இருந்தால், அதைத் திரை காட்டும். இல்லாவிட்டால், ஆங்கிலத்தையே காட்டும். புதிய பதிப்பில் புதிய வரிகள் சேரும். அவற்றை யாரும் மொழிபெயர்க்காவிட்டால், அந்த இடங்களில் ஆங்கிலம் நிற்கும்.

இது வேறு, அது வேறு

திரை தமிழானால் எழுத்தும் சரியாக விழும் என்று நினைக்கக் கூடாது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். அதைச் சரியாக அமைப்பது எழுத்துருவும், எழுத்துக் கோக்கும் பகுதியும் செய்யும் வேலை. திரை ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழ் அச்சிடலாம்.

தமிழ் மட்டும் போதுமா?

போதாது. வேலை தரும் இடத்தில் ஆங்கிலத் திரை இருக்கக்கூடும். 'லேயர்' என்றாலும் 'அடுக்கு' என்றாலும் ஒன்றே என்று தெரிந்தவர் எங்கும் பிழைத்துக்கொள்வார். தமிழில் பொருளைப் புரிந்துகொண்டு, ஆங்கிலப் பெயரையும் அறிந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

இரண்டு மொழியும் கற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. விட்டுப்போன வரிகளை அவர்கள் தமிழாக்கினால், நாளை தொழில் கற்க வரும் ஏழைப் பிள்ளை இடத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், படித்தே புரிந்துகொள்ளும்!