‘600ல சொப்ட், மச்சான்’

மலிவான சூப்பர் டெலி சூம் லென்ஸ் ஒன்றைப் பற்றி எங்கட பெடியளிடம் கேட்டுப் பாருங்கோ. முதல் வருகிற பதில் இதுதான்: “600ல சொப்ட், மச்சான்.” சொல்பவர் அந்த லென்ஸைக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யூடியூப்பில் யாரோ ஒருவர் செங்கல் சுவரைப் படமெடுத்து, மூலையை நூறு வீதம் பெருப்பித்துக் காட்டியிருப்பார். அது இங்கே வந்து தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பைக் கேட்ட ஒரு தம்பி, சேர்த்து வைத்த காசை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் காத்திருப்பான். இல்லாவிட்டால் கடன்பட்டு, இரண்டு மடங்கு விலையான ஒன்றை வாங்குவான்.

இந்த லென்ஸுகளின் கூர்மை பற்றி நடக்கிற சண்டை பெரும்பாலும் வீண் என்பதுதான் என் கருத்து. காசு குறைந்ததன் குறை இவற்றில் முதலில் தெரிகிற இடம் போகஸ். அதைப் பற்றித்தான் ஒருவரும் ஒழுங்காகப் பேசுவதில்லை.

முதலில் விலைக் கதை. 2013 கடைசியில் டாம்ரோன் 150-600 வந்தது, அமெரிக்க விலை 1,069 டொலர். 2015இல் சிக்மாவின் 150-600 கொன்டெம்பரரி 1,089 டொலருக்கு வந்தது. அதே வருடம் நிக்கொன் 200-500ஐ ஏறத்தாழ 1,400 டொலருக்குக் கொண்டுவந்தது. அதுவரை 600 மில்லிமீற்றர் என்றால் பத்தாயிரம் டொலருக்கு மேல் போகிற, மூன்று கிலோவும் அதற்கு மேலும் நிறுக்கிற லென்ஸுகள்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? 600ஐ 4ஆல் வகுத்தால் 150. எஃப் 4 லென்ஸுக்கு முன்னால் 150 மில்லிமீற்றர் அகலமான கண்ணாடி வேண்டும். எஃப் 6.3க்கு 95 போதும். நீங்கள் விட்டுக்கொடுப்பது வெளிச்சத்தை: பெரிய லென்ஸுக்குள் போகிற வெளிச்சம் இதைப்போல இரண்டரை மடங்கு. விலை குறைந்ததன் பெரிய காரணம் அதுதான். ஏமாற்று ஒன்றும் இல்லை.

சரி, சொப்ட் என்பது பொய்யா? முழுப் பொய் இல்லை. இந்த 150-600கள் 400 வரைக்கும் நல்ல கூர்மையாக இருக்கும். 500 தாண்ட கொன்ட்ராஸ்ட் கொஞ்சம் இறங்கும். 600இல், முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில், இறகின் நுண்கோடுகள் லேசாகப் பால் பட்டதுபோல இருக்கும். பழைய டாம்ரோனில் இது கூடுதலாகத் தெரியும். எஃப் 8க்கு மூடினால் பெரும்பகுதி சரியாகிவிடும். இன்னொன்று, 24 மெகாபிக்சல் படம் ஒன்று 6,000 பிக்சல் அகலம். நாங்கள் அதை இன்ஸ்டாகிராமில் 1,080ஆகச் சுருக்கித்தான் போடுகிறோம். அந்தச் சுருக்கலில் இந்த வித்தியாசம் எங்கே போனது என்று தேடினாலும் கிடைக்காது.

ஆனாலும் படம் மங்கலாகத்தான் வருகிறது என்கிறீர்களா? வங்காலைக்குப் போவோம்.

மன்னாருக்குள் நுழையும் முன்னம் வருகிற வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வலசைக் காலத்தில் பூநாரை வரும், வாத்துக் கூட்டம் வரும், உப்புக்கொத்திகள் சேற்றில் ஓடித் திரியும். நாங்கள் என்ன செய்கிறோம்? பஸ் பிடித்து ஒன்பது, ஒன்பதரைக்கு இறங்கி, முந்நூறு மீற்றருக்கு அங்கால் நிற்கிற பூநாரைக்கு லென்ஸை நீட்டுகிறோம். அந்த நேரம் சேற்றுத்தரை சுட்டுவிட்டது. தரையோடு ஒட்டிய காற்று மேலே எழும்பித் துடிக்கிறது. அடுப்புக்கு மேலால் பார்த்தால் அங்கால் நிற்கிற ஆள் நெளிவது போலத்தான். சிக்மாவாக இருந்தால் என்ன, பதின்மூவாயிரம் டொலர் கெனனாக இருந்தால் என்ன, அந்தக் காற்றைத் தாண்டி ஒன்றுமே பார்க்காது. ஷட்டரைக் கூட்டினாலும் பிரயோசனம் இல்லை. நெளிந்த பூநாரை நெளிந்தபடியே உறைந்து வரும், அவ்வளவுதான். இன்னும் மோசம், போகஸும் அந்த நெளிவைப் பார்த்துத்தான் குழம்புகிறது. அதே லென்ஸால் அதே நேரத்தில், பன்னிரண்டு மீற்றரில் கம்பியில் இருக்கிற பஞ்சுருட்டானை எடுங்கோ. கண்ணுக்குள் சூரியன் தெரியும்.

ஏசி போட்ட வானுக்குள் இருந்து கண்ணாடியை இறக்கி எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். உள்ளே குளிர், வெளியே வெக்கை. அந்த யன்னலுக்குள்ளேயே காற்று கலங்குகிறது.

ஷட்டரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் செய்வதில்லை. சின்ன சென்சர் கமராவில் 600 என்பது பார்வைக் கோணத்தில் 900 மாதிரி. கையில் பிடித்தால் ஆயிரத்தில் ஒரு செக்கனாவது வேண்டும், பறக்கிற பறவைக்கு இரண்டாயிரத்தில் ஒன்று. லென்ஸில் இருக்கிற ஆட்டம் குறைக்கும் வசதி உங்கட கையைத்தான் பிடிக்கும், பறவையின் தலையைப் பிடிக்காது. ஐஎஸ்ஓ கூடினால் புள்ளி புள்ளியாக வரும் என்று பயந்து ஷட்டரைக் குறைக்கிறார்கள். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், ஆட்டத்தை ஒன்றும் செய்ய ஏலாது.

இப்போது போகஸ்.

600இல், எஃப் 6.3இல், பத்து மீற்றரில் இருக்கிற மீன்கொத்தியை எடுக்கிறீர்கள் என்று வையுங்கோ. சின்ன சென்சரில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கும். போகஸ் ஐந்து சென்ரிமீற்றர் பின்னால் போனால் கண் போச்சு. அப்படி வந்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் ‘லென்ஸ் சொப்ட்’ என்கிறார்கள்.

டிஎஸ்எல்ஆர் கமராவில் இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்வது முக்கியம், ஏனென்றால் எங்களில் அநேகம் பேரிடம் இன்னும் அதுதான் இருக்கிறது. வியூபைண்டரால் பார்த்து எடுக்கும்போது போகஸைப் பார்ப்பது படம் விழுகிற சென்சர் இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வேறொரு சின்ன சென்சர். இரண்டுக்கும் நடுவில் இம்மியளவு வித்தியாசம் இருந்தாலும் போகஸ் ஒவ்வொரு முறையும் முன்னாலோ பின்னாலோ விழும். 18-55இல் தெரியாத அந்த இம்மி, 600இல் மீன்கொத்தியின் கண்ணைத் தின்றுவிடும். அதோடு, அநேக கமராக்களின் போகஸ் சென்சர் எஃப் 5.6 வரைக்கும் என்று கணக்குப் பண்ணிச் செய்தது. 6.3 அந்தக் கோட்டுக்கு ஒரு அடி அங்கால். நல்ல வெளிச்சத்தில் ஓடும். பின்னேரம் ஆறு மணிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து இழுத்துத் தேடும். 200-500 கடைசிவரை 5.6இலேயே நிற்பதன் அருமை அங்கேதான் தெரியும்.

நிக்கொன் டி7200, கெனன் 80டி மாதிரி நடுத்தரக் கமராக்களில் இந்த இம்மியைத் திருத்துகிற வசதி உண்டு. கெனன் 1300டியிலோ நிக்கொன் டி5600இலோ இல்லை. அதாவது மிகக் குறைந்த காசோடு வருகிற ஆளுக்குத்தான் திருத்துகிற வழியும் இல்லை. இதை எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான். சிக்மாவுக்குத் தனியாக ஒரு யூஎஸ்பி டொக் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே நான்கு சூம் நிலை, ஒவ்வொன்றிலும் நான்கு தூரம் என்று பதினாறு இடத்தில் திருத்தலாம். பொறுமை வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். டாம்ரோனின் 2016 ஜி2க்கும் அப்படி ஒன்று உண்டு, முதல் டாம்ரோனுக்கு அது வேலை செய்யாது. செக்கன்ட் ஹான்டில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து விலை பேசும்போது இதை மறக்காதேங்கோ.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கட சொந்தக் கமராவோடு போங்கோ. தெருவுக்கு அங்கால் இருக்கிற பெயர்ப்பலகை ஒன்றை ட்ரைபொட்டில் வைத்து 600இல் எடுங்கோ. முதலில் வியூபைண்டரால், பிறகு லைவ் வியூவில். லைவ் வியூவில் எழுத்துத் தெளிவாக வந்து, வியூபைண்டரால் மங்கலாக வந்தால் கண்ணாடியில் பிழையில்லை, பொருத்தம்தான் பிழை. இரண்டிலும் மங்கினால் வேண்டாம். பலகையின் இடப்பக்கம் தெளிவு, வலப்பக்கம் மங்கல் என்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்கிறது, ஓடி வந்துவிடுங்கோ. அதுக்குப் பிறகு, கிட்ட இருக்கிற ஒன்றில் போகஸ் பண்ணி, திரும்பப் பலகைக்குப் போய் ஒரு படம். இப்படிப் பத்துத் தரம். பத்தில் எத்தனை தெளிவு? நான் கேட்கிற ஒரே எண் அதுதான். ஒரு தெளிவான படம் எந்த லென்ஸாலும் வரும். பத்தில் எட்டு வருகிறதா, நாலு வருகிறதா என்பதில்தான் காசு இருக்கிறது. கடைசியாக டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கோ. எங்கட ஈரப்பதனுக்கு அது வராவிட்டால்தான் அதிசயம்.

முன்னால் மாட்டியிருக்கிற மலிவு யூவி பில்டரையும் கழற்றிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 95 மில்லிமீற்றரில் நல்ல பில்டர் விலை கூட. அதனால் மாட்டியிருப்பது அநேகமாக நல்லதாக இராது.

மிரர்லெஸ் கமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த முன்-பின் பிரச்சினை இல்லை. படம் விழுகிற சென்சரே போகஸையும் பார்க்கிறது. பறவையின் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும். கெனன் 2021இல் விட்ட ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், வந்தபோது 650 டொலர். 400இல் எஃப் 8 என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் உறுத்தாத லென்ஸ்தான் உங்களோடு குளக்கட்டு வரைக்கும் வரும் என்பதால் எனக்கு அது பிடிக்கும். இரண்டு கிலோச் சாமான் அநேகமாக அலுமாரிக்குள்தான் இருக்கிறது. (வடக்கில் வீதியோரம் 600ஐ நீட்டிக்கொண்டு நின்றால், பறவைதான் பார்க்கிறேன் என்று விளங்கப்படுத்தவே சிலநேரம் அரை மணித்தியாலம் போய்விடும். அது வேறு கதை.)

காசுக் கணக்கைச் சொல்லாமல் விட ஏலாது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. 1,089 டொலர் லென்ஸ் ஒன்று, வரியும் கூலியும் சேராமலே, 2 இலட்சத்து 18 ஆயிரத்தில் இருந்து 3 இலட்சத்து 92 ஆயிரமானது, நாலு மாதத்தில். அப்படி ஒரு நாட்டில் இருந்துகொண்டு, மூலைக் கூர்மைக்காக ஒரு படி மேலே வாங்கு என்று ஒரு தம்பிக்குச் சொல்ல மனம் வரவேண்டும். என் ஆலோசனை கேட்டால், பொருத்தம் பார்த்த பழைய சிக்மா கொன்டெம்பரரி ஒன்று. மிச்சக் காசு பெற்றோலுக்கு, விடிய ஐந்தரைக்கு அங்கே நிற்பதற்கு.

கிட்டப் போவது என்றால் துரத்திக்கொண்டு போவது இல்லை. ஓரிடத்தில் குந்தி இருந்தால் உப்புக்கொத்தி தானே நடந்து வரும். ஆலாக்கள் முட்டையிட்ட மணல்திட்டுக்குள் மட்டும் கால் வைக்காதேங்கோ. தாய் எழும்பிப் பறந்த பத்து நிமிட வெயிலில் முட்டை அவிந்துவிடும். அந்தத் தூரத்துக்குத்தான் 600.

மங்கல் படத்தை ஏஐ மென்பொருளில் போட்டுக் கூர்மையாக்குபவர்களிடமும் ஒன்று சொல்ல இருக்கிறது. அது இல்லாத இறகை வரைகிறது. உப்புக்கொத்திகளில் இரண்டு இனத்தைப் பிரிப்பது அலகின் நீளமும் காலின் நீளமும்தான். அந்த இடத்தில் மென்பொருள் தன் பாட்டுக்கு ஒன்றைக் கீறிவிட்டால், ஈபேர்டில் போடுகிற பதிவு பொய்ப் பதிவு. அடையாளம் காணக்கூடிய மங்கல் படமே அங்கே போதும், அப்படியே ஏற்றுங்கோ. கீழே யாராவது வந்து ‘600ல சொப்ட்’ என்று எழுதினால், எத்தனை மணிக்கு, எத்தனை மீற்றரில் எடுத்தது என்று திருப்பிக் கேளுங்கோ.