எரியுமா, எரியாதா? லாரி முதுகில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை!

மணலிக்கும் எண்ணூருக்கும் போய்வரும் டாங்கர் லாரிகளின் முதுகில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். 'ஹைலி இன்ஃபிளாமபிள்!'

இதற்கு என்ன அர்த்தம் என்று விம்கோ நகர் டீக்கடையில் நிற்கும் பையன்களைக் கேட்டால் சிலர் சரியாகச் சொல்வார்கள். சிலர், "முன்னாடி 'இன்' போட்டிருக்கே... அப்போ எரியாதுன்னுதானே அர்த்தம்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அப்படி. கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் தப்பு. கம்ப்ளீட் என்றால் முடிந்தது, இன்கம்ப்ளீட் என்றால் முடியாதது. அதே கணக்கில் இதையும் போட்டுவிட்டார்கள். ஆனால் இது வேறு 'இன்'! லத்தீனில் இருந்து வந்தது. தீ மூட்டுவது என்கிற சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. ஃபிளாமபிள் என்றாலும் எரியும், இன்ஃபிளாமபிள் என்றாலும் எரியும். எரியாத சரக்கு என்றால் 'நான்ஃபிளாமபிள்' என்றுதான் எழுத வேண்டும்.

இதில் வெள்ளைக்காரனுக்கே குழப்பம் வந்தது. 1920-களில் அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்பு சங்கம், "அந்த 'இன்'னை வெட்டி எறியுங்கள், ஃபிளாமபிள் என்றே எழுதுங்கள்" என்று பிரசாரம் செய்தது. நூறு வருஷம் ஆகப்போகிறது. நம்மூர் லாரிகளில் 'இன்' இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், விம்கோ நகர் என்ற பெயரே தீக்குச்சியில் பிறந்தது. 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. வங்கக் கடலோரம் இருக்கிற ஊருக்கு மேற்கு இந்தியப் பெயர்! 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரெயில் வந்தபோது ஸ்டேஷனுக்கும் அதுவே நிலைத்தது. அந்த 'வெஸ்ட்'டை உச்சரிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் அது பனியன். உதடு இரண்டும் குவிந்தால்தான் மேற்குத் திசை. இதில் தப்பினால் யாரும் சாகமாட்டார்கள். சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சாகடிக்கிற வார்த்தைகள் இருக்கின்றன. 'எம்ப்டி' அதில் ஒன்று.

அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வார்ஃப் என்று ஒருவர் இருந்தார். தீ இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. தீப்பிடித்த சம்பவங்களின் அறிக்கைகளைப் படித்துக் காரணத்தை ஆராய்வதும் அவர் வேலையில் ஒரு பகுதி. பெட்ரோல் நிரம்பிய டிரம் பக்கத்தில் எல்லோரும் பயபக்தியோடு நடக்கிறார்கள், 'எம்ப்டி' டிரம் பக்கத்தில் மட்டும் அலட்சியமாக சிகரெட் ஊதித் தள்ளுகிறார்கள் என்று கண்டு 1939-ல் கட்டுரையே எழுதினார். டிரம்மில் பெட்ரோல் காலிதான். ஆனால் ஆவி காலி இல்லை. அந்த ஆவிதான் வெடிக்கும். 'காலி' என்ற சொல் மனுஷனை ஏமாற்றிவிட்டது. வடசென்னையில் பழைய டிரம்மை வாங்கி வெல்டிங் வைத்து வெட்டுகிற பட்டறைக்காரர்கள் காதில் இது விழ வேண்டும்.

'கேஸ் ஃப்ரீ' என்று இன்னொன்று. நம்ம ஊரில் ஃப்ரீ என்றால் சும்மா கிடைப்பது! தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுப் பழகிய காது. டாங்க் மேல் 'கேஸ் ஃப்ரீ' என்று சீட்டு ஒட்டினால் உள்ளே கேஸ் இல்லை, சோதித்துப் பார்த்தாச்சு என்று பொருள். அந்தச் சீட்டு இல்லாத டாங்கில் இறங்கக் கூடாது. 'ஹாட் வொர்க்' என்றால் சூடான வேலை அல்ல. வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் மாதிரி பொறி பறக்கும் வேலை. அதற்குத் தனியாக பெர்மிட் வாங்க வேண்டும்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரியின் டிரைவருக்கு ஓர் இந்திய மொழியோடு இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 9-வது விதி சொன்னது. ஆலைக்குள் ஒட்டும் அறிவிப்புகள் இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் கட்டளை போட்டது. அது ஆலைக்குள். லாரி ஓடுவது தெருவில். தெருவில் நிற்கிறவர்கள் எந்த மொழி படிப்பார்கள் என்று யார் கேட்டார்கள்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூச்சுத்திணறி ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இங்கே இங்கிலீஷ் வார்த்தைகள் இப்படித்தான் மூக்கு வழியாக அறிமுகம் ஆகவேண்டுமா?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்குக் குறைச்சல் இல்லை. முப்பது நாளில் பேசலாம் என்று புஸ்தகமும் கிடைக்கிறது. 'ஹவ் டு யூ டூ' சொல்லித் தருகிறார்கள். கொஞ்சம் பேசினால் 'பீட்டர் விடறான்' என்று கிண்டல் வேறு. கிண்டலுக்குப் பயந்தும், இன்டர்வியூவுக்குப் பயந்தும் நாக்கைச் சுருட்டிக்கொள்கிற பையன்கள்தான் நாளைக்கு காண்டிராக்ட் கூலியாக டாங்குக்குள் இறங்கப் போகிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது இன்ஃபிளாமபிள், எம்ப்டி, கேஸ் ஃப்ரீ, ஹாட் வொர்க், டாக்சிக் போன்ற ஐம்பது வார்த்தைகள். எண்ணூர், திருவொற்றியூர் பள்ளி ஆசிரியர்கள் மனசு வைத்தால் ஒரு வாரப் பாடம். ஆலை நிர்வாகங்கள் காண்டிராக்ட் ஆட்களை உள்ளே விடும் முன் வாசலிலேயே சொல்லித் தரலாம்.

லாரி உரிமையாளர்களுக்கு இன்னும் சுலபம். அந்த இங்கிலீஷ் வாசகத்துக்குக் கீழே, 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழில் அதே அளவு எழுத்தில் எழுதிவிட வேண்டும். அடுத்த தடவை எஃப்.சி.க்கு வண்டி போகும்போதே இதைச் செய்யும்படி போக்குவரத்து அதிகாரிகள் சொல்லலாமே!