மூணு கட்டைக் குரலுக்கு மேடை கிடையாதா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. வருஷக் கணக்கு முடிப்பு, ஆடிட் என்று ஆபீஸில் ஆணி அதிகம். (பேங்க்காரனுக்கு வாக்கப்பட்டவர்களைக் கேளுங்கள், மார்ச் 31 எப்படிப்பட்ட நாள் என்று சொல்வார்கள்.) ஆனால் ஜனவரியிலிருந்து ஒரு விஷயம் செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனேயில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் விழா நடத்துகிறோம். அமைப்பின் பெயர் வேண்டாம். நீங்கள் மஸ்கட்டில் இருந்தாலும் நியூஜெர்சியில் இருந்தாலும் உங்கள் ஊர் விழாவும் இதே அச்சுதான். வாழை மரம், சர்க்கரைப் பொங்கல், மாறுவேடப் போட்டி, ஒரு பட்டிமன்றம், கடைசியில் கலை நிகழ்ச்சி. என் மூத்தவள் பதினொன்றாம் வகுப்பு. பாடுவதற்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

அவளுக்குக் குரல் கனம். சின்ன வயதில் பாட்டு வகுப்புக்கு அனுப்பினோம். டீச்சர் ஐந்தரைக் கட்டைக்கு இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆம்பளைத் தொண்டையா இருக்கே" என்று அவள் காதுபடவே தங்கமணியிடம் சொன்னார்கள். அதோடு வகுப்புக்குப் போவது நின்றது. ஆனால் பாடுவது நிற்கவில்லை. மூன்று கட்டையில் விட்டால் வெண்ணெய் மாதிரி வரும்.

ஒத்திகைக்கு அவள் எடுத்துக்கொண்டது 'ஜானி' (1980) படத்தில் ஜானகி அம்மா பாடிய ஒரு பாட்டு. உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதை நன்றாகக் கீழே இறக்கி, பாதி வேகத்தில், தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி பாடினாள். கூட ஒரு பையன் கீபோர்டில் ஜாஸ் கார்டுகள். மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி. எனக்குப் புல்லரித்தது, பெற்ற அப்பன் என்பதால் மட்டும் இல்லை.

முடிந்ததும் விழாக் குழுப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா நல்லாத்தான் பாடுது. ஆனா கேக்கறதுக்கு ஒரு மாதிரி கிறக்கமா, கிளப்புல பாடற மாதிரி இருக்கு. குடும்பத்தோட வர்ற எடம் பாருங்க. ஒண்ணு ஒரிஜினல் மாதிரியே பாடச் சொல்லுங்க, இல்லேன்னா ஒரு பக்திப் பாட்டு ஏதாச்சும்..."

நான் என்ன செய்தேன்? "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் அந்தக் கல். அவள் பெயரையே எடுத்துவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டர் பின்சீட்டிலிருந்து, "அப்பா, பாட்டு தப்பா, என் குரல் தப்பா?" என்று கேட்டாள். கர்வே ரோடு டிராபிக்கில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அதே விழாவில் எல்கேஜியிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பெண் குழந்தைகள் ஒரு குத்துப்பாட்டுக்கு இடுப்பை வெட்டி ஆடினார்கள். அந்தப் பாட்டின் வரிகளை இங்கே எழுதினால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. கைத்தட்டல் அடங்க இரண்டு நிமிஷம். ஒன்ஸ்மோர் வேறு! ஆக, ஏழு வயதுக் குழந்தை அர்த்தம் தெரியாமல் ஆடினால் பண்பாடு. பதினாறு வயதுப் பெண் அர்த்தம் தெரிந்து நின்ற இடத்தில் நின்று பாடினால் கிளப்.

சரி, கிளப்பைப் பற்றியே பேசுவோம்.

சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட் கிளப் இருந்தது. 1960களின் கடைசியில் அங்கே ஒரு பெண் காஞ்சிபுரம் பட்டுப் புடவை, தலையில் பூ, நெற்றியில் பொட்டோடு மேடையேறி ஆங்கிலப் பாட்டு பாடினாள். பெயர் உஷா அய்யர். பம்பாயில் 1947ல் பிறந்த தமிழ்ப் பெண், அப்பா போலீஸ் அதிகாரி. அச்சு அசல் நம்மை மாதிரி புலம்பெயர்ந்த குடும்பம்! பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பிலிருந்து இவரை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். காரணம், குரல் மற்ற பிள்ளைகளோடு ஒட்டவில்லை. டீச்சர் கையில் ஒரு முக்கோண மணியைக் கொடுத்துத் தட்டச் சொன்னாராம். (இதைப் படித்த அன்று என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை படித்தாள்.)

அந்த உஷா அய்யர்தான் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸில் பாடி, அங்கேயே வாழ்க்கைத் துணையையும் பார்த்து, உஷா உதுப் ஆனவர். ஆரம்பத்தில் அவர் ரெக்கார்டில் பாடியவற்றில் ஹாங்க் வில்லியம்ஸ் 1952ல் பாடிய 'ஜம்பலாயா' உண்டு. கிங்ஸ்டன் ட்ரையோ குழுவால் பிரபலமான 'கிரீன்பேக் டாலர்' உண்டு. எல்லாமே ஊரார் பாட்டுகள். ஆனால் பாடும்போது அவருடைய பாட்டு. நமக்கெல்லாம் அவரை எப்படித் தெரியும்? 'ரம்பா ஹோ' டிஸ்கோ ஆன்ட்டியாக. டிவியில் பெரிய பொட்டோடு கலகலவென்று சிரிக்கிற அம்மாவாக. அந்த அடிக்குரல் எவ்வளவு பெரிய சொத்து என்று தமிழர்களாகிய நாம் உட்கார்ந்து கேட்டதே இல்லை. 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி. நாகராஜனே தன்னுடைய 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் இவரைப் பாட வைத்தார் என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவீர்கள்? சிவபெருமானை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்தவருக்கு இல்லாத கூச்சம் நம் விழாக் குழுவுக்கு.

கூச்சம் நமக்கு மட்டும் சொந்தம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1980களில் மேற்கு வங்க இடதுசாரி அரசில் ஜதின் சக்ரவர்த்தி என்ற மந்திரி, இவர் பாட்டு 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீரழிவுக் கலாசாரம் என்று சொல்லி அரசு அரங்குகளில் பாடக் கூடாது என்றார். உஷா கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். 2011ல் பத்மஸ்ரீ, 2024ல் பத்மபூஷண். மந்திரி சொன்ன வாதமும் எங்கள் பெரியவர் சொன்னதும் ஒன்றேதான். மந்திரி வீட்டில் மட்டும் சர்க்கரைப் பொங்கல் கிடையாது.

இப்போது 'ஒரிஜினல் மாதிரியே' என்ற வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது அதுதான். பேங்க்கில் இருபது வருஷமாகக் கையெழுத்து பார்க்கிறவன் நான். செக்கில் இருக்கிற கையெழுத்து எங்களிடம் இருக்கிற மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பவேண்டும், அது என் வேலை. பாட்டுக்கும் அதே விதியா? டிவி பாட்டுப் போட்டிகளைப் பார்த்துப் பார்த்து, 'அச்சு அசல் ஜானகி அம்மா' என்பதுதான் பெரிய பாராட்டு என்று ஆகிவிட்டது நமக்கு.

ஜாஸ் பாடகிகளின் கதையே வேறு. 'ஸ்டாண்டர்டு' என்று அவர்கள் சொல்வது எல்லோரும் பாடுகிற பொதுச் சொத்தான பாட்டை. நம் கீர்த்தனை மாதிரி. பாட்டு பழசு, பாடுகிறவர் அதில் என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம். 'ஃபீவர்' என்ற பாட்டை 1956ல் லிட்டில் வில்லி ஜான் ஒரு வாத்தியக் கும்பலோடு பாடினார். இரண்டு வருஷம் கழித்து பெக்கி லீ பாடியபோது வாத்தியங்களை எல்லாம் துரத்திவிட்டு ஒரு பேஸ், கொஞ்சம் டிரம், விரல் சொடுக்கு, அவ்வளவுதான் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை. இன்று அந்தப் பாட்டு என்றால் பெக்கி லீதான் ஞாபகம் வருகிறார். அதைக் கேட்டு யாரும் 'ஒரிஜினல் மாதிரி இல்லையே' என்று செக்கைத் திருப்பி அனுப்பவில்லை.

நோரா ஜோன்ஸ் 2003ல் கிராமி விருதுகளை அள்ளியபோது நம் வீடுகளில் என்ன பெருமை! "நம்ம ரவிசங்கர் பொண்ணு!" அந்த ஆல்பத்திலும் ஹாங்க் வில்லியம்ஸின் பழைய பாட்டு ஒன்று உண்டு, அதே கிறக்கத்தில், அதே மெதுவில். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன் இன்னும் நமக்கு நெருக்கம், தமிழ்ப் பெற்றோர்களின் பெண். 'சால்ட் ரெய்ன்' (2001) என்ற முதல் ஆல்பத்தில் கர்நாடகக் கீர்த்தனைகளையே அடிக்குரலில், கிட்டாரோடு பாடினார். இங்கிலாந்தின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியல் வரை போனது. பின்னால் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பாப் டிலன் பாட்டுகளையும் எடுத்துத் தன் பாணியில் பாடி ஒரு ஆல்பம் போட்டார். இவர்கள் எல்லாம் வெளிநாட்டு மேடையில் பாடினால் நமக்குப் பெருமை. நம் வீட்டுப் பெண் நம் மேடையில் பாடினால் ஒரு மாதிரி.

சரி, ஏன் நமக்கு உச்சஸ்தாயி என்றால் புனிதம், அடிக்குரல் என்றால் சந்தேகம்? எனக்குத் தோன்றுவது இதுதான். மைக் இல்லாத காலத்து நாடக மேடையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவேண்டும் என்றால் குரல் ஏறித்தான் ஆகவேண்டும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படிப் பாடி நம் காதைப் பழக்கினார்கள். மைக் வந்த பிறகு அமெரிக்காவில் பில்லி ஹாலிடே போன்றவர்கள் அதை ஒரு வாத்தியம் மாதிரியே கையாண்டு, முணுமுணுப்பைக்கூடக் கலையாக்கினார்கள். நாம் மைக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் கடைசி பெஞ்சுக்குக் கத்திக்கொண்டிருக்கிறோம். இதில் கற்பு எங்கே வந்தது? ஒலிபெருக்கிப் பிரச்சினையை ஒழுக்கப் பிரச்சினை ஆக்கிவிட்டோம்.

சினிமா அதைப் பங்கு பிரித்தும் கொடுத்தது. கதாநாயகிக்கு சுசீலா அம்மா, கிளப் டான்ஸுக்கு எல்.ஆர். ஈஸ்வரி. ஆனால் ஆடி மாசம் ஆனால் தெருத் தெருவாக ஸ்பீக்கரில் அம்மனைக் கூப்பிடுகிற குரல் யாருடையது? அதே ஈஸ்வரி அம்மா! மாரியம்மனுக்கு அந்தக் குரலில் ஒரு ஆட்சேபணையும் இல்லை. நமக்குத்தான்.

கச்சேரி ரசிகர்கள் இங்கே சிரிக்க வேண்டாம், உங்களிடமும் வருகிறேன். க்ஷேத்ரய்யா பதங்களில் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது அர்த்தம் கேட்டிருக்கிறீர்களா? காதலன் ராத்திரி எங்கே போனான், திரும்பி வந்தவனை என்ன செய்வது, இதுதான் விஷயம். பிருந்தாவும் முக்தாவும் நிதானமாகப் பாட, பெரியவர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள். தெலுங்கில் இருப்பதால் தப்பித்தது! பாலசரஸ்வதி 1975ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் சிருங்காரத்தைத் தலை நிமிர்ந்து ஆதரித்துப் பேசினார். ஐம்பது வருஷம் ஆகிறது. நாம் இன்னும் 'ஒரு மாதிரி' என்கிறோம்.

நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரையே பாருங்கள். புனேயின் முக்கியமான நாடக அரங்கத்தின் பெயர் பாலகந்தர்வ ரங்கமந்திர். பாலகந்தர்வா என்பவர் புடவை கட்டிப் பெண் வேஷத்தில் பாடிய ஆண். அந்த அரங்கத்தில் இன்றைக்கும் லாவணி நடக்கிறது, குடும்பப் பெண்களும் போய்ப் பார்க்கிறார்கள். டிசம்பரில் சவாய் கந்தர்வ விழா. அந்த சவாய் கந்தர்வரின் சிஷ்யை கங்குபாய் ஹங்கல். தொண்டையில் செய்துகொண்ட சிகிச்சைக்குப் பிறகு குரல் ஆண் குரலாகவே தடித்துப்போனது. அதையே வைத்துக்கொண்டு பாடி, 2002ல் பத்மவிபூஷண் வாங்கி, 96 வயதில் 2009ல்தான் போனார். முதல் தடவை அவர் ரெக்கார்டைக் கேட்டபோது ஆண் பாடுகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் பிராஞ்ச் ஹெட் கேஷியர், மராத்திக்காரர், என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "சார், அது குரல் இல்லை, மலை" என்றார்.

நம் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஊரைவிட்டு வந்து கிடக்கிறோம், பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் கலந்து பேசுகின்றன, கையில் இருப்பதாவது நழுவிவிடக்கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தில்தான் நானும் தலையாட்டினேன். ஆனால் கணக்குப் பார்த்தால், அந்த ஒத்திகையில் தமிழ்ப் பாட்டு ஒன்றைத் தன் சொந்தச் சொத்தாக எடுத்துக்கொண்டு பாடியது அவள் ஒருத்திதான். அவளைத்தான் வெளியே அனுப்பினோம். அதற்கப்புறம் அவள் தமிழ்ப் பாட்டே பாடுவதில்லை. இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, விழாக் குழுவினர் சொல்லட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு ஐந்து நிமிஷம், மூன்று கட்டை, கீபோர்டு, ஒரு நல்ல மைக். என்ன பாடுவது என்பதை அவளே முடிவு செய்வாள், பாடுவதா வேண்டாமா என்பதையும். பெரியவர் படித்துவிட்டு, "பார்க்கலாம் சார், கமிட்டியில வைக்கணும்" என்றார். வைக்கட்டும். வருஷா வருஷம் சங்கத்து வரவு செலவை ஒரு பைசா வாங்காமல் முடித்துக் கொடுக்கிறவன் அடியேன்தான். இந்த வருஷக் கணக்கு நோட்டு இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.